விடாத கிளட்ச்

தொப்பூர் கணவாய் மேட்டில்தான் அது முதலில் தெரிந்தது. ஓமலூரில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை என் கணவர் ஓட்டினார். எங்கள் மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அவள் பெட்ரோல் டாங்கின் மேல், அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். நான் பின் சீட்டில், மடியில் ஒரு துணிப்பையுடன்.

பாதி மேடு ஏறியிருப்போம். திடீரென்று எஞ்சின் வீறிட்டது. அவர் முறுக்க முறுக்கச் சத்தம் கூடியதே தவிர, வண்டியின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கீழ் வளைவில் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தது. பாரம் ஏற்றிய லாரி அந்த மேட்டில் நிற்காது. நின்றால் மறுபடி கிளம்பாது என்று ஓட்டுகிறவர்கள் நிறுத்தமாட்டார்கள்.

"இறங்கும்மா! பாப்பாவைப் புடி, சீக்கிரம்!"

நான் குதித்து இறங்கி மகளை வாரி எடுத்துக்கொண்டேன். அவர் வண்டியை உந்தி ஓரத்துச் சரளையில் தள்ளினார். லாரி எங்கள் மேல் புழுதியை அடித்துவிட்டுப் போனது. மகள் அழவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரக்கட்டை தீய்ந்தது போல ஒரு வாசனை வண்டியின் அடியிலிருந்து வந்தது.

"சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறினா சரியாப் போயிடும்," என்றார் அவர்.

ஆறியது. சரியாகவும் போயிற்று. பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். எதுவுமே நடக்காதது போல அந்த வண்டி முற்றத்தில் நின்றது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அது இரண்டாம் உலக யுத்த காலத்து இங்கிலீஷ் வண்டி. ஏற்காட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து என் கணவர் வாங்கியது. எழுபதுகள் தொடங்கிய சமயம் அது. அந்த மாதிரி வண்டிக்கு உதிரி பாகம் கப்பலில் வருவதெல்லாம் எப்போதோ நின்றுபோயிருந்தது. அவர் நல்லம்பள்ளி கால்நடை மருந்தகத்தில் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு ஊசி போடுகிற வேலை. நான் நல்லம்பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். மகளை அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, காலையில் இருவரும் அந்த வண்டியில்தான் போவோம். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் மோட்டார் சைக்கிள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைத் துடைக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். அதில் அவருக்கு ஒரு மிதப்பு. எனக்கும் இல்லாமலில்லை.

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்கை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. பெங்களூரில் வெகுநாள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அவரும் என் கணவரும் கூடினால் வண்டியைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

"மேட்டுல எஞ்சின் கத்துது, சக்கரம் சுத்தலை. அதானே சார்?"

"அதான் பாய். கிளட்ச் கேபிளை நானே பாத்துட்டேன். லீவர்ல ஆட்டம் சரியா இருக்கு. குத்தம் உள்ளதான்."

பாய் கியரைத் தட்டிவிட்டுக் கிக்கரின் மேல் ஏறி நின்றார். எஞ்சின் அசையவில்லை. அவர் கால் மட்டும் வெண்ணெயில் இறங்குவது போல மெல்லக் கீழே போனது. "பாத்தீங்களா? புடிப்பே இல்லை," என்றார். பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு தட்டிலும் வட்ட வட்டமாகக் கார்க் பதித்திருந்தது, மருந்து பாட்டில் மூடியில் இருக்குமே அதே கார்க். எல்லாம் கரியாகிவிட்டிருந்தன. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குப் பிடித்துக் கொடுப்பதும், லீவரை அழுத்தினால் விட்டுவிடுவதும்தான் கிளட்சின் வேலை என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. பிடிக்கவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும்.

"புது தட்டு கிடைக்காது. நானே கார்க் வெட்டிப் போட்டுடறேன்," என்றார் பாய். "உங்க ஆஸ்பத்திரியில பெரிய ஜாடி கார்க் இருந்தா குடுத்து உடுங்க சார்."

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பாய் எஞ்சின் எண்ணெயைத் தகர டப்பாவில் வடித்தார். வடித்தவர் டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் லேசாகச் சாய்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கறுப்பு எண்ணெயில் ஜிகினாத் தூள் போல ஏதோ மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது. என் கணவர் அதில் விரலைத் தோய்த்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். விரலைத் துடைக்காமலே பாயைப் பார்த்தார்.

இன்னொரு நாள், புதுக் கார்க் போட்டு முடித்தபின், பாய் வண்டியைக் கிளப்பி, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு அதை என் கணவரிடம் கொடுத்தார். அவர் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். ஏன் என்னிடம் கொடுத்தார் என்று தெரியவில்லை. தனியாகக் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ. இரைச்சலுக்கு அடியில், ஆழத்தில், யாரோ பூட்டிய அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

"கிளட்ச் மட்டும் இல்லீங்க," என்றார் பாய். "கீழ் பேரிங்கு தேஞ்சிருக்கு. அந்த மினுக்கெல்லாம் அதுலேர்ந்து வர்றதுதான். எஞ்சினை முழுசா எறக்கிப் பாத்துடறது நல்லது."

"எறக்கினா எப்ப பாய் ஏத்துவீங்க?"

"அதை எப்படிங்க சொல்றது? உள்ள என்ன இருக்குதுன்னு பாக்கணும். சாமான் தேடணும்."

"இப்ப முடியாது. மாடுகளுக்குக் கோமாரி பரவிக்கிட்டு இருக்கு. நான் தெனமும் ஊருக்குள்ள போயே ஆகணும். மழை முடியட்டும்."

பாய் வற்புறுத்தவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, கணவாய்ப் பக்கம் மட்டும் போகாதீங்க," என்றார். என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் வண்டி நன்றாகவே ஓடியது. முன்பு இல்லாத சுறுசுறுப்புடன் ஓடியது என்றுகூடச் சொல்லலாம். காலைக் குளிரில் அந்தத் தட்டல் கேட்கவே கேட்காது. நல்லம்பள்ளியை நெருங்கும்போது, எஞ்சின் சூடேறிய பிறகு, என் கால்களின் அடியில் அது மெல்லத் தொடங்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடிவதில்லை. பேசிக்கொண்டு வந்தாலும் காது அங்கேயே இருக்கும். சில நாட்கள் நின்றுவிடும். நின்ற நாட்களில் இன்னும் கூர்ந்து கேட்பேன்.

மகளை வண்டியில் ஏற்றக் கூடாது என்றேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் மெதுவாத்தானே ஓட்டறேன்?"

"மெதுவாவே போனாலும் வேணாங்க."

"நீ அந்த பாய் சொன்னதைப் புடிச்சுக்கிட்ட," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் மகள் அடம்பிடித்து அழும்போது தெருமுனை வரை அவளை டாங்கின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். நான் வாசலில் நின்று அவர்கள் வளைவில் மறைவதையும் திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் மட்டும் ஊர்களுக்குப் போகும் நாட்களில் மாலை முழுவதும் எனக்கு அதுதான் வேலை. எங்கள் தெரு பெரிய ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் அவர் கியரை மாற்றுவார். அந்தச் சத்தம் வந்துவிட்டால் அடுப்பில் உலை வைப்பேன். வராத நாட்களில் வெளியே போய் நிற்பேன். பக்கத்து வீட்டு அக்கா, "இன்னும் வரலையா?" என்று கேட்டால் கோபம் வரும்.

ஒருநாள் மாலை நல்லம்பள்ளியிலிருந்து இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். தருமபுரியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு மாட்டு வண்டி ஓரமாக நின்றது. அதைத் தாண்டிக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று அவர் வேகத்தைக் குறைத்தார். இடது கையால் கிளட்சை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. எஞ்சின் அதைத் தள்ளிக்கொண்டே போனது. அவர் லீவரை விட்டு மறுபடி பிடித்தார். பிரேக்கை மிதித்தார். வண்டி திமிறியது. கேட்டின் கட்டை கண்ணுக்கு நேராக வந்தது. அதற்கு அப்பால் ரயில் வந்துகொண்டிருந்தது. தண்டவாளம் அதிரும் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் எஞ்சினை அணைக்கும் சின்ன லீவரை இழுத்தார். ஒரு பெரிய உலுக்கலுடன் வண்டி நின்றது. முன் சக்கரம் கட்டைக்கு அடியில் புகுந்திருந்தது. நான் பக்கவாட்டில் சரிந்து முழங்கால் தரையில் பட விழுந்தேன். எங்களுக்கு முன்னால் ரயில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. அவர் என்னைத் தூக்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கேட் கீப்பர் ஓடி வந்து, "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினார். "நிக்க மாட்டேங்குதுங்க," என்று மட்டும் அவர் சொன்னார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனோம். பாய் என் முழங்காலைப் பார்த்தார். சேலையில் ரத்தம் இருந்தது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்ததும் அவர் மனைவி ஒரு செம்பில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மூடியைக் கழற்றியதும் பாயின் முகம் மாறியது. கார்க்குகள் எண்ணெய் குடித்து உப்பி, தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தன. முன்பு பிடிக்காமல் இருந்த கிளட்ச் இப்போது விடாமல் இருந்தது.

"நான் போட்டதுதான். இன்னும் ராவி எடுத்திருக்கணும். என் தப்புங்க சார்," என்றார். அவர் கை அந்தத் தட்டைப் பிடித்தபடியே இருந்தது. பிறகு, "இதை சரி பண்ணிடலாம். அது பெருசு இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போது எஞ்சின் எறுகிப் புடிச்சுக்கிச்சுன்னா சக்கரமும் அப்படியே நின்னுடும். அப்ப கிளட்சைப் புடிச்சாத்தான் சக்கரம் விடும், நீங்க விழாம இருப்பீங்க. உங்க எஞ்சின் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குது. கிளட்சும் இப்படின்னா..."

என் கணவர் தலை குனிந்திருந்தார். "எறக்கிடுங்க பாய்," என்றார்.

எஞ்சினைப் பிரித்த அன்று சனிக்கிழமை. எனக்குப் பள்ளி அரை நாள். நான் போனபோது சாக்கின் மேல் எல்லாம் பரப்பியிருந்தது. பெரிய இரும்புச் சக்கரங்கள் இரண்டும், அவற்றின் நடுவிலிருந்து முழங்கை போல நீட்டிக்கொண்டிருந்த ராடும். பிஸ்டனின் உதைப்பையெல்லாம் வாங்கிக் கீழே கொடுப்பது அந்த ராடுதான். பேரிங் தேய்ந்து போயிருந்தது, எதிர்பார்த்தபடியே. பாய்க்கு அதில் கவலையில்லை. ஆனால் ஒரு நட்டைக் காட்டினார். அதன் முகமெல்லாம் உளி பட்ட காயம்.

"யாரோ இதை ஏற்கனவே பிரிச்சிருக்காங்க சார். சரியான ஸ்பேனர் இல்லாம உளியால அடிச்சுப் பிரிச்சிருக்காங்க. ஏதோ ஆயிருக்கு இந்த வண்டிக்கு."

"வித்தவரு ஒண்ணும் சொல்லலையே."

"சொல்வாங்களா?"

என் கணவர் அந்த ராடைக் கையில் ஏந்தி மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். "விரிசல் இருக்கான்னு ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம். சீமெண்ணெயும் சாக்பீஸும் வச்சுப் பாப்பாங்கல்ல," என்றார். பாய் தலையாட்டினார். என் கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் கிடக்கும். எடுத்துக் கொடுத்தேன்.

ராடு முழுக்கச் சீமெண்ணெய் தடவி ஊறவிட்டார்கள். பிறகு பாய் சுத்தமான துணியால் ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாமல் துடைத்தார். என் கணவர் சாக்பீஸைப் பொடி செய்து மேலே தூவி ஊதினார். இரும்பு முழுவதும் விபூதி பூசியது போல வெளுத்தது. மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கொட்டகையின் தகரத்தில் வெயில் சடசடத்தது. ஒன்றுமில்லை. ராடு வெள்ளையாகவே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

"இருங்க," என்றார் பாய்.

ராடின் அடிப்பக்கம், அது அகன்று வளையமாகும் இடத்தில், வெள்ளையில் ஒரு புள்ளி ஈரமானது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. உள்ளே மறைந்திருந்த சீமெண்ணெய் வெளியே கசிந்து, தலைமுடி மாதிரி ஒரு கோடாக மெல்ல மெல்ல மேலே ஏறியது. அது நிற்கும் என்று பார்த்தேன். ராடின் அகலத்தில் பாதியைத் தாண்டித்தான் நின்றது.

யாரும் அதைத் தொடவில்லை. மீதி இருந்த பாதிக்கும் குறைவான இரும்புதான் எங்களை இத்தனை நாளும் சுமந்திருக்கிறது. கணவாயில் லாரிக்கு முன்னால், ரயில்வே கேட்டில், மகள் டாங்கின் மேல் உட்கார்ந்து கைகொட்டிய ஒவ்வொரு சுற்றிலும். அது முறிந்தால் எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வரும் என்று பாய் பிறகு சொன்னார். அன்று அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என் கணவர் வெளியே போய் ரோட்டோரமாகக் குந்தி உட்கார்ந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். அவர் விரல்களில் சாக்பீஸ் பொடி அப்படியே இருந்தது.

அப்போதும் வண்டியை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நல்ல ராடு ஒன்று கிடைத்தால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று பாயும் அவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு விடுமுறை நாளில் அவர் ரயிலேறிப் பெங்களூர் போனார். அங்கே பழைய இரும்புக் கடைகளில் யுத்த காலத்து வண்டிகளைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். மாலை வண்டியில் திரும்பியவரின் கையில் ஒன்றுமில்லை.

"கெடைக்கலையாங்க?"

"கெடைச்சுது. அதே வண்டியோடதுதான். சாக்பீஸ் போட்டும் பாத்தேன். ஒரு கீறல்கூட இல்லை."

"அப்புறம்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இது எந்த வண்டியில இருந்துச்சு, ஏன் பிரிச்சீங்கன்னு கடைக்காரரைக் கேட்டேன். ஆக்சிடென்ட் ஆன வண்டி, ஓட்டின ஆள் பொழைக்கலைன்னாரு. கையில எடுத்துக்கிட்டுக் கடை வாசல்ல நின்னுக்கிட்டே இருந்தேன். வச்சுட்டு வந்துட்டேன்."

மகள் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பாயிடம், "நீங்களே வச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டார். நாங்கள் பஸ்ஸில் போகத் தொடங்கினோம். ஊர்களுக்குப் போக அவர் ஒரு சைக்கிள் வைத்துக்கொண்டார். ஆனால் பாய் அந்த வண்டியை விடவில்லை. பெங்களூருக்கு அவரே போய் அந்த ராடை வாங்கி வந்தார். பேரிங், கிளட்ச் தட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். அடுத்த கோடையில் வண்டி எழுந்து நின்றது. முதல் ஓட்டத்துக்கு எங்களை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

நாங்கள் போனபோது அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். முதல் மிதியிலேயே கிளம்பியது. "கணவாய் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்றார். மேட்டில் ஏற்றிப் பார்க்காமல் நம்ப முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சத்தம் சேலம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது.

வெகுநேரம் ஆகியும் வரவில்லை. வெயில் இறங்கியது. என் கணவர் பட்டறையில் கிடந்த ஸ்பேனர்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பாயின் மனைவி உள்ளேயிருந்து வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். சேலம் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களின் முகங்களை நாங்கள் இருவரும் ஒரே மாதிரிதான் பார்த்தோம். யாராவது நின்று ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று. எல்லோரும் அவரவர் வழியில் போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி வந்தது. அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

"தொப்பூர்ல டீ குடிச்சேன்," என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் பாய். எஞ்சினை அணைக்கவில்லை. அதே நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கணவரிடம் நீட்டினார். "கேளுங்க சார்."

அவர் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

"சுத்தமா இருக்கு பாய்," என்றார்.

"ஒரு சுத்து போயிட்டு வாங்க. உங்க வண்டிதானே சார்?"

என் கணவர் ஹேண்டில்பாரின் மேல் கையை வைத்தார். கிளட்சை ஒருமுறை அழுத்தி விட்டார். நான் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"நேரமாச்சு பாய். பாப்பா தேடும்," என்றார்.

இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனோம். நாங்கள் அரூருக்கு மாற்றலாகிப் போகும் வரை பாய் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். அதன்பின் என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை.